கணக்குக் காட்டாதவர்

சரித்திரம் என்றால் நமக்கு உடனே ஞாபகம் வருவது யானைப்படையும் கோட்டை மதிலும்தான். எந்த மன்னன் எந்த மன்னனை எந்த ஊர்க் களத்தில் முறியடித்தான் என்பதைப் பள்ளிக்கூடத்தில் நெட்டுருப் போட்டோம். பரீட்சை முடிந்ததும் மறந்தோம். ஆனால் அந்த மன்னர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலத்திலும் ஒவ்வோர் ஊரிலும் ஏரி நிரம்பிற்று, மதகு பழுதாயிற்று, தெருவில் குப்பை சேர்ந்தது, யாரோ ஒருவர் வரி கொடுக்காமல் தப்பப் பார்த்தார், இன்னொருவர் அதைக் கண்டுபிடித்தார். இந்தக் காரியங்களைக் கவனிப்பதற்கென்று சிலர் கூடி உட்கார்ந்திருக்க வேண்டும் அல்லவா? அவர்களுடைய சரித்திரத்தைப் பற்றி எழுத வேண்டும் என்பது எனக்கு வெகுநாளைய ஆசை.

ஆசைக்குக் காரணம் என் தாத்தா. ஒரு சின்ன ஊரின் பஞ்சாயத்து போர்டில் அவர் பல வருஷம் மெம்பராக இருந்தவர். ஊரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. எந்த ஊராக இருந்தாலும் கதை பெரும்பாலும் இதுதான். மாதம் ஒரு முறை கூட்டம். துவைத்து மடித்த வேஷ்டியைக் கட்டிக்கொண்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, ஏதோ மகாநாட்டுக்குப் போகிறவர் போலக் கிளம்புவாராம். திரும்பி வந்ததும் பாட்டி கேட்பாளாம்:

"இன்னிக்கு என்ன தீர்மானம் போட்டீங்க?"

"கோயில் தெரு முக்கு விளக்குக்குக் கண்ணாடி."

"அதுக்கா மூணு மணி நேரம்?"

"கண்ணாடி மட்டுமா? சந்தைக் குத்தகை ஏலம், பட்டியில் அடைத்த மாட்டுக்கு அபராதம், மேலத்தெருச் சாக்கடை, நாய்த் தொல்லை..."

சிறுவனாக இருந்தபோது இந்தப் பட்டியலைக் கேட்டு எனக்குப் பெரிய ஏமாற்றம். தாத்தா ஊரை ஆண்டவர் என்று மற்றப் பிள்ளைகளிடம் பெருமையடித்து வைத்திருந்தேன். ஆட்சி என்பது நாயும் சாக்கடையும் விளக்குக் கண்ணாடியும்தானா என்று மனம் சோர்ந்துவிட்டது. இப்போது நாற்பது வயதைக் கடந்து, சொந்த வீட்டுக்கு வரி கட்டி, சொந்தத் தெருவில் தேங்கிய மழைத் தண்ணீரில் கால் வைத்து நடந்த பிறகு, ஆட்சி என்பது அதுதான் என்று தெரிகிறது. மற்றவையெல்லாம் தூரத்தில் நடப்பவை. இது வாசற்படியில் நடப்பது.

நான் கல்வெட்டு ஆராய்ச்சியாளன் அல்லன். கல்லூரியில் இரண்டு வருஷத்துடன் நின்றுவிட்டுக் கதை எழுதப் புறப்பட்டவன். ஆகையால் நான் சொல்லப் போவதில் புலமை எதையும் வாசகர்கள் எதிர்பார்க்க வேண்டாம். ஒரு மெம்பரின் பேரன், பழைய மெம்பர்களைப் பார்த்துவிட்டு வந்த கதை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய மெம்பர்கள் இருந்த இடம் உத்திரமேரூர். காஞ்சீபுரத்திலிருந்து பஸ் ஏறினால் சுமார் 30 கிலோமீட்டர். ஊருக்குள்ளேயே வைகுண்டப் பெருமாள் கோயில் என்று ஒரு கட்டடம் இருக்கிறது. கோயில் என்று பெயரே தவிர, அதன் மண்டபம் ஒரு காலத்தில் ஊர் மகாசபை கூடிய இடம். சுவரைச் சுற்றிலும் எழுத்துக்கள். முதலாம் பராந்தக சோழனுடைய 12-ஆம் ஆட்சி ஆண்டிலும் 14-ஆம் ஆட்சி ஆண்டிலும் வெட்டிய இரண்டு சாசனங்கள்தாம் அவற்றுள் பேர் பெற்றவை. கி.பி. 919, கி.பி. 921 என்று கணக்கிடுகிறார்கள். தமிழ்நாட்டில் மேடை ஏறுகிறவர்களில் பாதிப் பேர் இந்தச் சாசனங்களைச் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறார்கள். "குடவோலைத் தேர்தல் கண்ட தமிழன்" என்று ஆரம்பித்தால் கூட்டம் நிமிர்ந்து உட்காரும்.

எனக்கும் அதில் பெருமை உண்டு. ஆனால் மண்டபத்து நிழலில் உட்கார்ந்திருந்தபோது என் மனம் தேர்தலைப் பற்றி நினைக்கவில்லை. தேர்தல் ஒரு நாள் காரியம். மற்ற நாட்களில் அவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

அதற்கும் சாசனத்திலேயே விடை இருக்கிறது. வாரியங்களின் பெயர்களே விடை. சம்வத்ஸர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம், பஞ்சவார வாரியம், பொன் வாரியம். முதல் வாரியத்தில் 12 பேர்; ஊரின் பொதுக் காரியங்களை வருஷம் முழுவதும் கவனிப்பவர்கள் என்று கொள்ளலாம். தோட்ட வாரியத்தில் 12 பேர்; தோட்டங்கள் அவர்கள் பொறுப்பு. ஏரி வாரியத்தில் 6 பேர். பொன் வாரியத்திலும் பஞ்சவார வாரியத்திலும் ஆறாறு பேர்.

இவற்றுள் ஏரி வாரியம் என்ற பெயரில்தான் அந்த ஊரின் உயிர் இருக்கிறது. இது காவேரிக் கரை அல்ல. தொண்டை மண்டலம் ஏரியை நம்பிய நாடு. மழை சில மாதங்களில் கொட்டிவிட்டுப் போய்விடும். அதைப் பிடித்து வைத்துக்கொண்டு மற்ற மாதங்களில் பிழைக்க வேண்டும். உத்திரமேரூர் ஏரியைப் பல்லவர் காலத்துச் சாசனங்கள் வயிரமேக தடாகம் என்று அழைக்கின்றன. ஏரி என்பது ஒரு தடவை வெட்டிவிட்டு மறந்துவிடக் கூடியதல்ல. வருஷா வருஷம் வண்டல் வந்து படியும். தூர் எடுக்காவிட்டால் தண்ணீர் பிடிக்கும் அளவு குறையும். கரை கரைந்தால் மண் கொட்ட வேண்டும். மதகைத் திறக்க ஒருவர், எவன் வயலுக்கு எத்தனை நாழிகை என்று சொல்ல ஒருவர், மேட்டு வயல்காரன் கூச்சல் போட்டால் சமாதானம் சொல்ல ஒருவர் வேண்டும். தமிழ்நாட்டு ஊர்ச் சபைகள் பலவற்றில், தர்மவான்கள் பொன்னைக் கொண்டுவந்து சபையாரிடம் ஒப்படைத்து, அதன் வட்டியிலிருந்து ஏரியைத் தூர் வார வேண்டும் என்று கல்லில் எழுதி வைத்திருக்கிறார்கள். முதல் அப்படியே இருக்கும். வட்டி மண் சுமக்கும்.

பொன் வாரியம் எதற்கு? தானமும் அபராதமும் வரியும் பொன்னாக வருகிற காலம். கழஞ்சுக்கும் மஞ்சாடிக்கும் நிறுத்துப் பார்த்து, உரைத்துப் பார்த்து, மாற்றுக் குறைந்ததா என்று சொல்ல நம்பிக்கையான கை வேண்டும். சந்தைக்கு வரும் ஏழையிடம் மட்டமான பொன்னைத் தள்ளிவிட்டால் அவன் யாரிடம் போய் முறையிடுவான்? என் தாத்தாவின் போர்டு சந்தையில் எடைக்கல்லைச் சோதித்ததும் பொன் வாரியத்தார் உரைகல்லை எடுத்ததும் ஒரே வேலைதான். நடுவில் ஆயிரம் வருஷம் போயிருக்கிறது, அவ்வளவே.

இனிக் குடவோலைக்கு வருவோம். ஊரில் 30 குடும்புகள்; நாம் இன்று வார்டு என்று சொல்வது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்களின் பெயர்களைத் தனித்தனி ஓலை நறுக்கில் எழுதி, குடும்புக்கு ஒரு கட்டாகக் கட்டி, வாயோலை வைத்து, குடத்தில் இடுகிறார்கள். சிறியவர் பெரியவர் எல்லோரும் மகாசபையில் கூடியிருக்கிறார்கள். ஊரிலிருக்கும் கோயில் நம்பிமார் ஒருவர் பாக்கி இல்லாமல் உள்ளே இருக்க வேண்டும். அவர்களில் மூத்தவர் குடத்தைத் தூக்கி எல்லோரும் காணும்படி நிற்கிறார். உள்ளே என்ன இருக்கிறதென்று அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுக்கிறான். அதை அவிழ்த்து வேறொரு வெறும் குடத்தில் போட்டுக் குலுக்கி, அதிலிருந்து ஒரே ஓர் ஓலையை அந்தச் சிறுவன் எடுத்து மத்தியஸ்தன் கையில் கொடுக்கிறான். மத்தியஸ்தன் அதை எப்படி வாங்க வேண்டும் தெரியுமா? ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். அவன் வாசித்த பிறகு நம்பிமார் எல்லோரும் அதே ஓலையை வாங்கி வாசிக்க வேண்டும். அப்புறம்தான் அந்தப் பெயர் பெயர்.

இந்த ஐந்து விரல் விஷயத்தைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே நின்றுவிட்டது. இந்த விதியைக் கற்பனையில் எழுத முடியாது. யாரோ ஒரு தடவை விரலிடுக்கில் வேறோர் ஓலையை ஒளித்து வைத்திருந்திருக்க வேண்டும், அல்லது ஒளித்து வைப்பான் என்று ஊர் பயந்திருக்க வேண்டும். ஒவ்வொரு கடுமையான விதிக்குப் பின்னாலும் ஒரு சூடுபட்ட அனுபவம் இருக்கிறது.

919-இல் ஒரு ஏற்பாடு செய்தவர்கள் இரண்டே வருஷத்தில், 921-இல், அதை விரிவாக்கித் திருத்தி எழுதியிருக்கிறார்கள். முதல் சாசனத்தில் மெம்பருக்கு வயது 30-க்கு மேல் 60-க்குள். இரண்டாவதில் 35-க்கு மேல் 70-க்குள். விலக்கப்பட வேண்டியவர்களின் பட்டியலும் நீளுகிறது. துஷ்டர்கள் ஒழிந்து நல்லவர்கள் தழைக்க வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு என்று சாசனமே சொல்கிறது. அந்த இரண்டு வருஷத்துக்குள் உத்திரமேரூரில் ஏதோ ரகளை நடந்திருக்கிறது என்று என் நாவலாசிரிய புத்தி சொல்கிறது. ரகளை செய்தவர் பெயரைக் கல்லில் வெட்டாமல் விதியை மட்டும் வெட்டியது அவர்களுடைய பெருந்தன்மை.

யார் யார் மெம்பராகக் கூடாது? பிறர் பொருளை அபகரித்தவர் கூடாது. ஊருக்கு முள்ளாக இருந்தவர், பிராயச்சித்தமே செய்துகொண்டாலும், உயிருள்ளவரை கூடாது. கடந்த மூன்று வருஷத்துக்குள் வாரியத்தில் இருந்தவர் கூடாது. ஒரு தடவை இருந்தால் 360 நாள். அத்துடன் இறங்கிவிட வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலாக ஒரு விதி: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் கூடாது. அவர் மட்டும் அல்ல; அவருடைய உறவினரும் கூடாது. சின்னம்மா பெரியம்மா மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், தாயுடன் பிறந்தவன், தகப்பனுடன் பிறந்தவன், உடன்பிறந்தவன், மாமனார், மச்சினன், சகோதரியின் கணவன், சகோதரியின் மகன், மகளைக் கட்டிய மருமகன், தகப்பன், மகன். எங்கள் பாட்டி இருந்திருந்தால், "கல்யாணப் பத்திரிகை வைக்க வேண்டியவங்க அத்தனை பேரையும் எழுதிட்டான்!" என்று சொல்லியிருப்பாள்.

இவ்வளவு நீளமாக ஏன் எழுதினார்கள்? மெம்பர் பணத்தைச் சாப்பிட்டுவிட்டு மச்சினனை நிறுத்துவான் என்பது பத்தாம் நூற்றாண்டிலேயே தெரிந்த சங்கதி என்பதால்தான். அந்த விதி இன்றைக்கு அமலில் இருந்தால் எத்தனை ஊர்களில் நாற்காலி காலியாக இருக்கும் என்று நான் கணக்குப் போடப் போவதில்லை.

ஊர்க் கணக்கனுக்கும் ஒரு விதி உண்டு. தான் எழுதிய கணக்கைத் தானேதான் வந்து ஒப்புவிக்க வேண்டும். அவன் கணக்கை முடிக்க வேறொரு கணக்கனைக் கொண்டுவரக் கூடாது. ஒப்புவிக்காதவரை மறுபடியும் அவனுக்கு உத்தியோகம் இல்லை. இந்த விதியை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் எனக்கு இது தேவைப்படும்.

இத்தனை பெருமைகளுக்கு நடுவே மறைக்கக் கூடாத ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். இது சதுர்வேதிமங்கலம், பிராமணர்களுக்கு அளித்த ஊர். குடத்தில் பெயர் விழ வேண்டுமானால் வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீட்டில் குடியிருக்க வேண்டும். வேதம் கற்றிருக்க வேண்டும். நன்றாகப் படித்தவருக்கு அரைக்கால் வேலி போதும் என்று ஒரு சலுகை. ஏரியில் இறங்கித் தூர் வாரியவன் பெயர் ஓலையில் ஏறாது. வயலில் நாற்று நட்டவள் பெயர் ஏறாது. குடத்தை வனைந்த குயவன் பெயரும் அதற்குள் போகாது. ஆகையால் இதை இன்றைய ஜனநாயகத்தின் தாய் என்று சொல்வதற்கு எனக்கு நா எழவில்லை. ஆனால் அதிகாரம் ஏற்றவன் கணக்குச் சொல்லிவிட்டு இறங்க வேண்டும் என்ற நினைப்புக்கு இது தாய்தான்.

ஆயிரம் வருஷத்தைத் தாண்டி நம் தாத்தாக்களின் காலத்துக்கு வருவோம். இங்கிலீஷ்காரர் ஆட்சியில் சென்னை மாகாணத்துச் சின்ன ஊர்களுக்கு இந்தச் சபைகள் வேறு வழியாக மறுபடி வந்தன. வந்த காரணம் அவ்வளவு உயர்ந்ததல்ல. 1857 கலகத்துக்குப் பிறகு சர்க்கார் கஜானா இளைத்துப் போயிருந்தது. ரோடு போடவும் சுகாதாரம் பார்க்கவும் அந்தந்த ஊரே வரி கொடுக்கட்டும் என்று 1865-இலும் 1871-இலும் சட்டங்கள் செய்தார்கள். ஊர்க் காரியத்தை ஊராரே கற்றுக்கொள்ளட்டும் என்ற எண்ணத்தைச் சேர்த்தவர் ரிப்பன் பிரபு. அவருடைய தீர்மானம் 1882 மே மாதம் வெளிவந்தது. அதை ஒட்டி 1884-இல் சென்னை மாகாணத்தில் முனிசிபாலிட்டிகளுக்கு ஒரு சட்டமும் ஸ்தல ஸ்தாபனங்களுக்கு ஒரு சட்டமும் வந்தன. ஜில்லா போர்டு, தாலுகா போர்டு, அதற்கும் கீழே சின்ன ஊர்களுக்கு யூனியன் என்று மூன்று படி. யூனியனின் வேலை தெரு விளக்கு, தெருக் கூட்டல், சாக்கடை, கிணறு. வருமானம் பெரும்பாலும் வீட்டு வரி.

ஆரம்பத்தில் மெம்பர்களில் பலர் சர்க்காரால் நியமிக்கப்பட்டவர்கள். மேலே கலெக்டர். கீழே, கலெக்டர் என்ன நினைக்கிறார் என்று பார்த்துக் கை தூக்குகிறவர்கள். ஓட்டும் எல்லோருக்கும் கிடையாது, வரி கட்டுகிறவனுக்குத்தான். 1920-இல் வந்த புதிய சட்டங்கள் தேர்தலை அகலப்படுத்தின. தாலுகா போர்டுகள் 1934-இல் மறைந்தன. ஜில்லா போர்டுகள் 1958-ஆம் வருஷத்துப் பஞ்சாயத்துச் சட்டத்துக்குப் பின் பஞ்சாயத்து யூனியன்களுக்கு வழிவிட்டன.

இந்த நாற்காலிகளை நாம் அலட்சியமாக நினைக்கக் கூடாது. ராஜாஜி 1917 முதல் 1919 வரை சேலம் முனிசிபாலிட்டிக்குச் சேர்மன். ஏறக்குறைய அதே சமயத்தில் ஈரோட்டில் சேர்மன் ஈ. வெ. ராமசாமி. பிற்காலத்தில் எதிரெதிர்க் கரைகளில் நின்று நாட்டையே ஆட்டிய இந்த இரண்டு நண்பர்களும் முதலில் ஊருக்குக் குடிதண்ணீர் கொடுப்பது எப்படி என்றுதான் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள்.

குடிதண்ணீர் என்று சொன்னதும் கதையின் மையத்துக்கு வந்துவிட்டேன். ஊர்ச் சபை எதைச் செய்தாலும் கடைசியில் ஒரு கேள்வி வந்து நிற்கும்: யாருக்கு? தெரு பொதுத் தெரு. அதில் யார் நடக்கலாம்? கிணறு பொதுக் கிணறு. அதில் யார் தண்ணீர் எடுக்கலாம்? 1924-இல் சென்னைச் சட்டசபையில் இரா. வீரையன் ஒரு தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். பொது ரஸ்தா, பொதுக் கிணறு, பொது இடம் எதிலும் தாழ்த்தப்பட்டோரைத் தடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். சட்டசபையில் நிறைவேறிய தீர்மானம் ஊர்க் கிணற்றடிக்கு வந்து சேர எத்தனை காலம் ஆகும் என்பது ஊர்ச் சபையின் கையில் இருந்தது. ராமநாதபுரம் ஜில்லா போர்டின் தலைவராக இருந்த டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியனார் தம் கையில் இருந்த அதிகாரத்தைப் பயன்படுத்தினார். தாழ்த்தப்பட்டோரை ஏற்ற மறுக்கும் பஸ்ஸுக்கு லைசென்ஸ் இல்லை என்று கண்டிப்புச் செய்தார். பஸ் முதலாளிகளுக்குச் சமத்துவத்தில் திடீரென்று நம்பிக்கை பிறந்தது. ஒரு போர்டு மனம் வைத்தால் என்ன செய்யலாம் என்பதற்கு அது ஓர் உதாரணம்.

மனம் வைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் என் வீட்டிலேயே இருக்கிறது.

தாத்தா மெம்பராக இருந்தது 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும். தீண்டாமையை ஒழித்த அரசியல் சட்டம் 1950-இல் வந்துவிட்டது. அதை மீறுவதைக் குற்றமாக்கிய சட்டம் 1955-இல் வந்துவிட்டது. அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஊரில் தெருக் குழாய் போட்டார்கள். கோயில் தெரு, கடைத்தெரு, மேலத்தெரு என்று குழாய்கள் வந்தன. சேரி முனைக்கும் ஒரு குழாய் வேண்டும் என்று மனு வந்தது. போர்டில் பொருள் எடுத்துக்கொள்ளப்பட்டது. "நிதி நிலைமையை உத்தேசித்து அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது" என்று மினிட்டுப் புத்தகத்தில் எழுதினார்கள். அடுத்த கூட்டத்திலும் அதையே எழுதினார்கள். அதற்கு அடுத்ததிலும் அதுதான். எதிர்த்து யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. வேண்டாம் என்று சொன்னால்தானே சட்டம் பிடிக்கும்? ஒத்திவைத்தால் யாரைப் பிடிக்கும்?

இதைத் தாத்தா எனக்குச் சொன்னது அவருடைய கடைசிக் காலத்தில். நான் பள்ளிக்கூடத்துச் சரித்திரப் புத்தகத்தில் குடவோலையைப் படித்துக்கொண்டிருந்தேன். திண்ணையில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டே இருந்தவர், கணக்குக் காட்டாதவர் என்ற இடம் வந்ததும், "மறுபடி படி" என்றார். படித்தேன்.

"நான் போர்டுப் பணத்திலே காலணா தொட்டதில்லே தம்பி" என்றார்.

"தெரியும் தாத்தா."

"ஆனா பத்துத் தடவையாவது கை தூக்கியிருக்கேன். ஒத்திவைக்கலாம்னு."

எதை என்று நான் கேட்டேன். அப்போதுதான் குழாய்க் கதையைச் சொன்னார். சேரிப் பெண்கள் ஏரிக்கரை ஊற்றுக்குக் குடத்தோடு போய்க்கொண்டிருந்தார்கள். கோடையில் ஊற்றில் தண்ணீர் சுரக்க நேரமாகும். விடியுமுன்னே போய் வரிசையில் உட்காருவார்கள். தாத்தாவின் வயலில் வேலைக்கு வர நேரமாகிவிட்டால் தாத்தாவே கோபித்துக்கொள்வாராம். ஏன் நேரமாகிறது என்று அவருக்குத் தெரியும். அதுதான் விஷயம், அவருக்குத் தெரியும்.

"அப்புறம் குழாய் வந்துதா?"

"வந்துது. நான் இருந்தப்போ இல்லே."

அவர் நல்ல மனிதர். அடுத்தவன் வரப்பில் ஒரு சாண் வெட்டாதவர். சந்தைக் குத்தகையில் கமிஷன் கொடுக்க வந்தவனை வாசலிலேயே திருப்பி அனுப்பியவர். அவருடைய போர்டுக் கணக்கில் தணிக்கைக்காரர் ஒரு பிழையும் காணவில்லை. ஆனால் பேரேட்டில் ஏறாத கணக்கு ஒன்று இருந்தது. அதை முப்பது வருஷம் சுமந்துகொண்டிருந்து, பன்னிரண்டு வயதுப் பையனிடம் ஒப்புவித்தார்.

பின்னால் நடந்தவை நமக்கு நன்றாகத் தெரியும். பஞ்சாயத்துத் தேர்தல் 1970-க்குப் பிறகு 1986-இல் நடந்தது. 1986-க்குப் பிறகு 1996-இல்தான் நடந்தது. நடுவில் அதிகாரிகள் பார்த்துக்கொண்டார்கள். 1992-இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி, ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை தேர்தல் கட்டாயம் என்றும், பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோருக்கும் இடம் ஒதுக்க வேண்டும் என்றும் எழுதினார்கள். ஓலையில் ஏறாத பெயர்கள் ஏற ஆரம்பித்தன. ஏறிய பெயர்களை ஊர் லேசில் ஏற்கவில்லை. மேலவளவில் 1997-இல் பஞ்சாயத்துத் தலைவர் முருகேசனும் அவருடன் இருந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களில் தனித் தொகுதி என்ற ஒரே காரணத்தால் பத்து வருஷம் தலைவர் நிலைக்க முடியவில்லை. 2006-இல்தான் அந்த முடிச்சு அவிழ்ந்தது. ஒரு கிராமத்து நாற்காலி அற்பமானது என்று நினைப்பவர்கள், அதில் ஒருவர் உட்காரக் கூடாது என்பதற்காக மற்றவர்கள் எவ்வளவு தூரம் போனார்கள் என்பதைப் பார்க்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும், 2016-இல் பதவிக் காலம் முடிந்தபோது மறுபடியும் தேர்தல் நின்றுபோயிற்று. பல ஜில்லாக்களின் கிராமங்களுக்கு 2019 டிசம்பரில் தேர்தல் வந்தது. புதிதாகப் பிரித்த ஜில்லாக்களில் 2021-இல் வந்தது. பட்டணங்களுக்கும் பேரூர்களுக்கும் 2022 பிப்ரவரியில்தான் வந்தது. 360 நாளைக்கு ஒரு முறை குடத்தைக் குலுக்கிய உத்திரமேரூரும் அந்த ஐந்து வருஷத்துக்கு மேலான காலத்தில் தேர்ந்தெடுத்த சபை இல்லாமல் இருந்தது. அதிகாரிகள் விளக்கை எரிய விட்டிருப்பார்கள், குப்பையை வாரியிருப்பார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் எரியாத விளக்கைப் பற்றிக் கூட்டத்தில் எழுந்து கேட்க ஒரு மெம்பர் இல்லை. ஒத்திவைப்பதற்குக் கூட ஒரு கை இல்லை.

சூரிய சந்திரர் உள்ளவரை குடவோலையாலேயே வாரியம் இட வேண்டும் என்று சாசனம் சொல்கிறது. அதை எழுதிய மத்தியஸ்தனின் பெயரும் கல்லில் இருக்கிறது. சபையார் சொல்லத் தான் எழுதியதாகத் தெரிவித்துக் கையெழுத்துப் போல அவன் தன் பெயரைப் பொறித்து வைத்திருக்கிறான். பொறுப்பு ஏற்பவன் அப்படித்தான் செய்வான்.

சாயங்காலம் மண்டபத்தை விட்டு எழுந்து கொஞ்ச தூரம் நடந்தேன். தெருக் குழாயடியில் ஒரு பெண் பிளாஸ்டிக் குடத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் எந்தத் தெருப் பெண் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

தாத்தாவின் கணக்கை அவருக்காக நான் முடித்துவைக்கலாமா என்று பல நாள் யோசித்திருக்கிறேன். அந்தக் காலம் அப்படி, அவர் ஒருவர் கை தூக்காமல் இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றெல்லாம் சமாதானம் எழுதலாம். ஆனால் ஒருவன் எழுதிய கணக்கை இன்னொரு கணக்கன் வந்து முடிக்கக் கூடாது என்று ஆயிரம் வருஷத்துக்கு முன்பே விதித்துவிட்டார்கள். அவர் ஒப்புவித்ததை அப்படியே சபையில் வாசிக்க எனக்கு உரிமை உண்டு. வாசித்துவிட்டேன்.